சிவப்பு நாற்காலியில் ரெண்டு நிமிஷம்

செவல்கரையில பனி பெய்யாது. மழையே ஏறெடுத்துப் பார்க்க யோசிக்கிற கரிசக்காட்டு ஊரு அது. அங்க ஐஸ்னு ஒண்ணு உண்டுன்னா சர்பத்துல மிதக்கிற துண்டும், வெளியூர் மகன் வந்து சேருற வரைக்கும் பிணத்தைக் கிடத்தி வைக்கிற பெட்டியும்தான். அந்தப் பெட்டியையும் பந்தல் சாமானையும் வாடகைக்கு விடுற கணபதியப்பனோட பொஞ்சாதி சண்முகத்தாய்தான், ஏழு கடலுக்கு அப்பால பனி மூடிக் கிடக்கிற எட்டு ஊர்க் காலேஜுப் பொம்பளப் பிள்ளைக பனிக்கட்டி மேல ஆடுற ஹாக்கிக்கு ரசிகையானவ. ஊர் சிரிச்சது. சிரிக்கட்டுமே, சிரிச்ச வாய்க்கெல்லாம் அவ பதில் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?

அவ மக பார்கவி அங்க படிக்கப் போனா. அவகூட ஒரே வீட்டுல தங்கியிருந்த பிள்ளை காலேஜ் டீமுல பதினேழாம் நம்பர். "யம்மா, எங்க வீட்டுப் பிள்ளை ஆடுறா, பாரு"ன்னு டிவியில அதைப் பிடிக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தா. படிப்பு முடிஞ்சு மக வேற ஊருக்கு வேலைக்குப் போனா, ஆட்டத்தையும் மறந்துட்டா. தாய் மறக்கல. அந்த எட்டுக் காலேஜும் ஒரு கூட்டாச் சேர்ந்து, ஐப்பசியில தொடங்கி மாசி வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு மோதி, புள்ளி சேர்த்து, கடைசியில ஒரு டீம் கோப்பையைத் தூக்கும். அதுக்கு அவங்க பாஷையில கான்ஃபரன்ஸ்னு பேரு, சண்முகத்தாய்க்கு அது ‘எட்டூரு’. அவங்களுக்கு வெள்ளி, சனி ராத்திரின்னா நமக்குச் சனி, ஞாயிறு விடியக்காலம், வாசல் தெளிக்கிற நேரம். எட்டு டீமுக்கும் சட்டை நிறத்தை வச்சு அவளே பேர் வச்சுக்கிட்டா. பதினேழாம் நம்பரோட டீம் கத்திரிப்பூ. எந்த டீம் எத்தனாவது இடம்கிறதை எட்டு நிறக் கோலப்பொடியால மேலிருந்து கீழா வாசல்ல பூ வரைஞ்சு போட்டா. கொஞ்ச நாள்ல தெருவே அந்தக் கோலத்தைப் படிக்கப் பழகிருச்சு. பால்காரர்கூட, "என்ன தாயி, கத்திரிப்பூ இன்னும் அடியிலதான் கிடக்கு போல"ன்னு விசாரிச்சுட்டுப் போவாரு.

ஆனா சண்முகத்தாயைக் கட்டிப்போட்டது கோல் இல்ல, வழுக்கிக்கிட்டுப் பாயிற ஓட்டமும் இல்ல, தலைக்கவசத்துக்கு வெளிய ஆடுற அந்தச் சடைகளும் இல்ல. அங்க ஓரத்துல கண்ணாடி வச்ச ஒரு பெட்டி இருக்கு. எவளாவது அடுத்தவளை இடறிவிட்டா, கம்பால கொக்கி போட்டு இழுத்தா, நடுவர் கையை உசத்தி விசில் ஊதுவாரு. தப்புச் செஞ்சவ அந்தப் பெட்டிக்குள்ள போய் ரெண்டு நிமிஷம் உட்காரணும். அவ டீமு அது வரைக்கும் ஒரு ஆள் குறைச்சலா நின்னு சமாளிக்கணும். எதிராளி கோல் போட்டுட்டா அப்பவே எழுந்திரிச்சுக்கிடலாம். நம்ம பதினேழு ஆட்டத்துக்கு ரெண்டு தடவையாவது உள்ள போயிரும். போய்த் தண்ணி குடிக்கும், மூச்சு வாங்கும், நேரம் முடிஞ்சதும் கதவைத் தள்ளிக்கிட்டு ஆட்டத்துக்குள்ள பாயும். அதுக்கப்புறம் அந்தத் தப்பைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

முதல் தடவை அதைப் பார்த்தன்னைக்கு சண்முகத்தாய் டிவி முன்னால உட்கார்ந்து அழுதா. "அடப் பாவிகளா, ஒரு தப்புக்கு ரெண்டே நிமிஷந்தானா?"

ஏன் அழுதான்னா, செவல்கரைக்கு ஹாக்கின்னா உசிரு, நம்ம மண்ணுல ஆடுற ஹாக்கி. ஆனா அது ஆம்பளைக உசிரு. ஒம்பதாப்பு படிக்கையில ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் கம்பை எடுத்துக்கிட்டு அவ மைதானத்துக்குப் போயிட்டா. ஒரே ஒரு காலைதான் ஆடினா. சாயங்காலமே படிப்பு நின்னு போச்சு. அன்னையில இருந்து ‘மைதானத்துக்குப் போனவதானே’ங்கிற சொல்லு அவ பின்னாலயே வந்தது. பொண்ணு பார்க்க வந்த இடத்துல வந்தது, வளைகாப்புல வந்தது, போன வருஷம் ஒரு கருமாதி வீட்டுல சோத்துக்கு உப்புக் கூடிப்போச்சுன்னு சொன்னப்பகூட வந்தது. அதை வாய் ஓயாம சொல்லுறவரு புருஷனோட அண்ணன் உலகநாதன், ஊர் ஹாக்கிக் கழகத்துச் செயலாளர். ஒத்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவரு வீடு.

மார்கழியில ஒரு சனிக்கிழமை அது நடந்தது. சண்முகத்தாய் வீட்டுல அன்னைக்கு அஞ்சாறு பொம்பளைக ஆட்டம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, இட்லி மாவு விக்கிற மாரித்தாயும் அதுல ஒருத்தி. அவ புருஷன் தங்கப்பாண்டி விறுவிறுன்னு வந்து, "காப்பிக்கு நாதியில்ல, உனக்கு வெள்ளைக்காரி ஆட்டம் கேக்குதோ?"ன்னு அவ சடையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தான். டிவியில நடுவர் கையை உசத்தி விசில் ஊதினாரு. பனி மேல யாரும் யாரையும் தொடல, எல்லாப் பிள்ளைகளும் ஒதுங்கித்தான் நின்னுச்சு. தங்கப்பாண்டி சடையை விட்டான். முதுகுல யாரோ கை வச்சுத் தள்ளுற கணக்கா வாசலுக்குப் போனான். அங்க கை உடைஞ்சு வாடகைக்கு ஆகாமக் கிடந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்தான். எழுந்திரிக்கப் பார்த்தான், முடியல. சரியா ரெண்டு நிமிஷம் கழிச்சு நாற்காலி அவனை விட்டுச்சு. வேட்டியை உதறிக்கிட்டு, "காப்பி வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனான்.

மாரித்தாய் அந்த ரெண்டு நிமிஷத்தையும் வாயைப் பொளந்து பார்த்தே வீணாக்கிட்டா. உலகநாதன் மக இலக்கியா, அவளுக்குப் பதிமூணு வயசு, சித்தி வீடே கதின்னு கிடக்கிறவ, தலையில அடிச்சுக்கிட்டா. "யக்கா, எதிராளிக்கு ஆள் குறையும்போதுதான் கோல் போடணும். சும்மா நிக்கிறீங்களே!" அடுத்த வாரம் அதே தங்கப்பாண்டி, அதே சடை, அதே விசில். இந்தத் தடவை மாரித்தாய் இடுப்புல கை வச்சு அவன் முன்னால போய் நின்னா. "வண்டிச் சாவியைக் கொடும். மாவு வாளியைச் சுமந்து சுமந்து எனக்கு இடுப்பு ஒடியுது, உமக்கு டீக்கடைக்குப் போக வண்டி கேக்குதோ?" அவன் மடியில இருந்து டிவிஎஸ் சாவியை எடுத்து நீட்டின நிமிஷமே நாற்காலி அவனை விட்டுருச்சு. "கோல்!"னு இலக்கியா போட்ட சத்தத்துல கூரையில இருந்த புறாவெல்லாம் பறந்து போச்சு.

ஊர்னா எதையும் ரெண்டு வாரந்தான் அதிசயமாப் பார்க்கும், மூணாவது வாரம் அதுக்கு ஒரு சடங்கு கண்டுபிடிச்சிரும். முதல்ல குறி சொல்லுற கோடாங்கி வந்து, உடுக்கை அடிச்சு, இது தெக்குத் தெரு முனின்னு சொல்லி, ஒரு கிடாயும் ரெண்டு சேவலும் கேட்டாரு. விசில் ஊதுச்சு, பொய்க்குண்டான ரெண்டு நிமிஷத்தை உட்கார்ந்து கழிச்சுட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காசு வாங்காமப் போனாரு. மூலை வீட்டு மாமியாக்காரி, மருமக கொடுத்த டீயைக் குறை சொல்லிக் கீழ கொட்டினா, அவளும் உட்கார்ந்தா. நாற்காலி வேட்டியையும் பார்க்கல, சேலையையும் பார்க்கல. ரிமோட்டை ஒளிச்சு வச்சதுக்காக கணபதியப்பன்கூட உட்கார்ந்தாரு, ஆனா அவரு சாதுவான மனுஷன், உட்கார்ந்த மேனிக்கே தினத்தாளை வாங்கிப் படிச்சாரு. டீக்கடைக்காரர் மார்கழிக் குளிருக்கு உட்கார்ந்தவங்களுக்குன்னே அரை டம்ளர் சூடா அனுப்புவாரு. கழகத்து ஆளுக ஒரு நாள் நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்க் கம்மாய்ல வீசினாங்க. அடுத்த சனிக்கிழமை தப்புச் செஞ்சவன் நாற்காலி இருந்த இடத்துல, முழங்காலை மடிச்சு, அந்தரத்துல உட்கார்ந்தான். உட்கார்ந்து பார்த்தாத்தானே தெரியும் அந்த வலி! மூணு பேரு அப்படி உட்கார்ந்தாங்க. நாலாவது நாள் வீசினவங்களே கம்மாயில இறங்கி, நாற்காலியைத் தேடி எடுத்து, சேறு கழுவி, பொட்டும் வச்சுக் கொண்டாந்து போட்டாங்க.

ஆம்பளைக மட்டும் லேசுப்பட்டவங்களா? நாற்காலியோட நேரத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆட்டம் அஞ்சரைக்குத் தொடங்கும், எட்டுக்கு முடியும். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் செஞ்சது செல்லாது. அதனால வசவு, அடி, உருட்டு, மிரட்டு எல்லாத்தையும் எட்டு மணிக்கு மேல தள்ளி வச்சாங்க. "ஏட்டி, இரு, எட்டு மணி அடிக்கட்டும், உன்னை வச்சுக்கிடுதேன்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. ஆனா கோவத்தை எத்தனை நேரம்தான் வாயில வச்சிருக்க முடியும்? பாதிப் பேருக்கு எட்டு மணிக்குள்ள எதுக்குக் கோவப்பட்டோம்னே மறந்து போச்சு. மறக்காதவரு உலகநாதன் ஒருத்தர்தான். அந்த நாற்காலியில ஒரு தடவைகூட உட்காராத ஆம்பளை அந்தத் தெருவுல அவரு மட்டும்தான்னு மீசையைத் தடவிக்கிட்டுச் சொல்லுவாரு.

மாசி பிறந்தது. கடைசியில கிடந்த கத்திரிப்பூ தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துருச்சு, ஞாயித்துக்கிழமை விடியக்காலம். அதே ஞாயித்துக்கிழமை பக்கத்து டவுன் மைதானத்துல மாவட்டப் பொம்பளப் பிள்ளைக ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. ஏழு மணிக்குள்ள போய்ப் பேரு கொடுக்கணும். இலக்கியா பள்ளிக்கூடத்துல அப்பனுக்குத் தெரியாமக் கம்பு பிடிச்சவ. வாத்தியார் அவ பேரை அனுப்பியிருந்தாரு. சனிக்கிழமை சாயங்காலம் கழகத்துக் காதுக்கு அது வந்துருச்சு.

"நம்ம குடும்பத்துல ஏற்கெனவே மைதானத்துக்குப் போனவ ஒருத்தி இருக்கா. அது போதும்"னு உலகநாதன் சொன்னாரு. விடியிறதுக்கு முன்னாலயே எழுந்திரிச்சு, மக படுத்திருந்த மச்சு அறையை வெளிய பூட்டினாரு. மச்சுக்குப் படி தெருப்பக்கம் இருக்கு. இறங்கி வந்து, நாற்காலிக்குப் பயந்து, தன் வீட்டு முன்கட்டுக் கம்பிக் கதவையும் உள்ளுக்குள்ள பூட்டினாரு. அந்த வீட்டுக்கு வாசல் அது ஒண்ணுதான். சாவிக்கொத்தை ஆணியில மாட்டிட்டு, கதவுக்குப் பின்னால கால் மேல கால் போட்டு உட்கார்ந்தாரு.

ஆட்டம் தொடங்கிருச்சு. மச்சு ஜன்னல்ல இருந்து இலக்கியா கத்தினா. "சித்தி! அப்பா பூட்டிட்டாங்க! ஏன் சித்தி விசில் ஊதல?"

சண்முகத்தாய் வெளிய ஓடி வந்து பார்த்தா. சிவப்பு நாற்காலி காலியாக் கிடந்தது. "ஆட்டத்துக்கு முன்னால செஞ்சதும்மா. செல்லாது." கம்பிக் கதவுக்கிட்டப் போனா. "பெரியத்தான், பிள்ளையத் திறந்து விடுங்க. ஒரு காலைதானே. ஆடிட்டு வரட்டும்."

"ஒரு காலைதான்னு நீ சொல்லலாமா?" அவரு சிரிச்சாரு. "உன் நாற்காலிச் சட்டம் எனக்கும் தெரியும். எட்டு மணிக்கு நானே திறந்து விடுதேன். அது வரைக்கும் உன் வெள்ளைக்காரிகளைப் போய்ப் பாரு."

உள்ள அவரு பொஞ்சாதி வள்ளிமயில் சுவரோட சுவரா நின்னா. அவ கண்ணு அழுது வீங்கியிருந்தது.

சண்முகத்தாய் வீட்டுக்குள்ள வந்தா. இத்தனை வாரம் ஊரையே உட்கார வச்ச சாமி இன்னைக்குன்னு பார்த்து நேரம் பார்க்குதே, இந்தப் பிள்ளையும் கருமாதி வீட்டுலகூடச் சொல்லுக் கேக்கணுமான்னு பொருமினா. டிவியில எதிர் டீம்காரி ஒருத்தி, பந்துக்குப் பதிலா அங்க அடிக்கிற கறுப்பு வட்டோட தனியாப் பாஞ்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கும் கோலுக்கும் நடுவுல ஒருத்தரும் இல்ல. பின்னால விரட்டி வந்த பதினேழு கம்பை நீட்டி, இடுப்புல கொக்கி போட்டு, ஒரே இழுவையா இழுத்துப் போட்டுச்சு. கோல் விழல. விசில் ஊதுச்சு. பதினேழு யாரையும் பார்க்கல, யார்கிட்டயும் மல்லுக்கு நிக்கல, தானே பெட்டிக் கதவைத் திறந்து உள்ள போய் உட்கார்ந்து தண்ணியைக் குடிச்சுச்சு.

சண்முகத்தாய் கொல்லைக்குப் போனா. முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியை எடுத்துக்கிட்டு வந்தா.

"யாத்தாடி, இவ என்ன செய்யப் போறா?"ன்னு பொம்பளைக எல்லாரும் பின்னாலயே வந்தாங்க. அவ நேரா கம்பிக் கதவுக்குப் போனா. துரட்டியைக் கம்பிக்குள்ள விட்டா. உலகநாதன் என்ன ஏதுன்னு நிமிருறதுக்குள்ள ஆணியில கிடந்த சாவிக்கொத்து கொக்கியில மாட்டி வெளிய வந்துருச்சு.

"ஏய்! களவாணி! விடிஞ்சும் விடியாம களவாணித்தனம் பண்ணுதியா?"

"ஆமா பெரியத்தான், களவாணித்தனந்தான்." சாவியை மாரித்தாய் பக்கம் வீசினா. "ஏட்டி மாரி, மச்சுக்கு ஓடு! பிள்ளையை வண்டியில ஏத்து!"

டிவியில விசில் ஊதுச்சு. யாருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. இத்தனை நாள் எல்லாரையும் ஏதோ ஒண்ணு தள்ளிக்கிட்டுத்தான் போச்சு. சண்முகத்தாயை எதுவும் தள்ளல. அவளே துரட்டியைச் சுவர்ல சாய்ச்சு வச்சுட்டு, கொண்டையை இறுக்கி முடிஞ்சுக்கிட்டு, தெரு பார்க்க நடந்து போய் சிவப்பு நாற்காலியில உட்கார்ந்தா. நடந்து போகும்போது அவளுக்குள்ள ஒரு சந்தோஷம் பொங்குச்சு பாருங்க, கல்யாணத்தன்னைக்குக்கூட அவளுக்கு அப்படிப் பொங்கல.

பொம்பளைக பக்கம் இப்ப ஒரு ஆள் குறைச்சல். உலகநாதன் சும்மா விடுவாரா? கம்பியைப் பிடிச்சு உலுக்கினாரு. "வள்ளிமயிலு! இன்னொரு சாவி எங்கட்டி?"

வள்ளிமயில் வாயைத் திறந்தா. "அரிசி டிரம்முக்குள்ள போட்டதா ஞாபகம். பார்க்கேன்." டிரம்மைத் திறந்து தோள் வரைக்கும் கையை விட்டா. "தட்டுப்படுது... இல்ல, இது படி. இருங்க... இல்ல, இது வசம்பு."

"கணபதி! எலேய், உன் பொஞ்சாதி லட்சணத்தை வந்து பாரு!"

கணபதியப்பன் வெளிய வந்தாரு. அண்ணனைப் பார்த்தாரு, துரட்டியைப் பார்த்தாரு, நாற்காலியில உட்கார்ந்திருந்த பொஞ்சாதியைப் பார்த்தாரு. உள்ள போனாரு. ஒரு செம்புத் தண்ணியோட வந்து அவகிட்ட நீட்டினாரு. "குடி. மூச்சு வாங்குதுல்லா."

மச்சுப் படியில தடதடன்னு சத்தம். இலக்கியா ஒரு கையில ஷூவும் ஒரு கையில கம்புமா இறங்கி வந்தா. மாரித்தாய் டிவிஎஸ்ஸை உதைச்சா. அது இருமிச்சு. மறுபடி உதைச்சா. மறுபடியும் இருமிச்சு. "சவமே, இன்னைக்கா உனக்குக் கோளாறு வரணும்!" மூலை வீட்டு மாமியாளும் மருமகளும் சேர்ந்து பின்னால இருந்து தள்ளினாங்க. வண்டி பிடிச்சுக்கிச்சு. இலக்கியா ஏறிட்டுத் திரும்பிப் பார்த்தா.

"சித்தி, நீயும் வாயேன்!"

"நான் உட்கார்ந்திருக்கேம்லா! ஏட்டி, திரும்பிப் பார்க்காமப் போ!"

மாவு வாளி கொக்கிகள் ரெண்டு பக்கமும் ஆட, வண்டி தெரு முக்கு திரும்பி, ஊர் மைதானத்தைத் தாண்டி, டவுன் ரோட்டுல ஏறுன சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நாற்காலி சண்முகத்தாயை விட்டுச்சு. ரெண்டே நிமிஷம். அவ எழுந்திரிச்சு, செம்பைப் புருஷன் கையில கொடுத்தா.

உலகநாதனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. இத்தனை வாரமா எட்டு மணி வரைக்கும் நாக்கைக் கட்டி வச்சிருந்த மனுஷன், அன்னைக்கு நேரத்தை மறந்துட்டாரு. "புத்தி எங்க போவும்? நீ மைதானத்துக்குப் போனவதானே!"

விசில் ஊதுச்சு.

நாற்காலி தெருவுல, அவரோ தானே பூட்டுன கம்பிக்கு உள்ள. போக வழியில்ல. அதனால நின்ன இடத்துலயே முழங்கால் மடிஞ்சு, வேட்டி தரையைத் தொடாம, உலகநாதன் அந்தரத்துல உட்கார்ந்தாரு. மீசை துடிச்சது, தொடை வெடவெடன்னு நடுங்குச்சு.

சண்முகத்தாய் கம்பிக்கிட்ட வந்தா. அவ சத்தம் போடல. "பெரியத்தான், நான் ஒரு நாள் மைதானத்துக்குப் போனேன். இன்னைக்கு உங்க சாவியைக் களவாண்டேன். ரெண்டுக்கும் சேர்த்து உட்கார்ந்தாச்சு. கணக்குத் தீர்ந்துச்சு. இனிமே அந்தச் சொல்லை ஒருத்தரும் என்கிட்டச் சொல்லக் கூடாது. சாவி எட்டு மணிக்கு வரும்."

அப்பத்தான் வள்ளிமயில் அரிசி டிரம்முல இருந்து கையை எடுத்தா. கை பூரா அரிசி மாவு, விரல்ல அந்த இன்னொரு சாவி. புருஷனைத் தாண்டி நடந்து வந்து கம்பிக் கதவைத் திறந்தா. வெளிய வந்து, திரும்பவும் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து விடியக்கால நேரத்துல அவ அந்த வாசலைத் தாண்டினது கோலம் போட மட்டும்தான்.

"வள்ளிமயிலு!"ன்னு உள்ள இருந்து ஒரு முனகல் வந்தது.

"ரெண்டு நிமிஷந்தானே, உட்காருங்க"ன்னு சொல்லிட்டு, அவ சண்முகத்தாய் வீட்டுக்குள்ள வந்து, பொம்பளைகளை ஒதுக்கிட்டு டிவி முன்னால சம்மணம் போட்டு உட்கார்ந்தா. அவளுக்கு எந்த டீம் எதுன்னும் தெரியாது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துட்டுக் கேட்டா.

"யாருட்டி ஜெயிக்கா?"

சண்முகத்தாய் பார்த்தா. கத்திரிப்பூ ரெண்டு கோல் பின்னால இருந்தது. மறுபடியும் உள்ள போயிருந்த பதினேழு அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் தள்ளிக்கிட்டுப் பனி மேல கால் வச்சது.

"தோத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கோம்," சண்முகத்தாய் சொன்னா. "ஆனா நம்ம பிள்ளை வெளிய வந்துட்டா."